டேப் அக்கா பிரித்துத் தைத்த எஞ்சின்

தெருவில் எல்லோருக்கும் அவர் டேப் அக்காதான். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கடைக்குப் போனாலும் அது தோளில் தொங்கும். "வெங்காயத்தை அளந்துதான் வாங்குவீங்களாக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். "உன் வாயை அளக்கலாம்னு கொண்டுவந்தேன். டேப் பத்தலை" என்பார் அக்கா.

அவர் யாரிடமும் தையல் கற்றதில்லை. கல்யாணமான புதிதில் கணவரின் பழைய காக்கிச் சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்தார். துண்டுகளைத் தரையில் பரப்பி, எது எதோடு சேர்ந்திருந்தது என்று ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பத் தைத்தார். ஒரு கை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கணவர் பஸ் டிரைவர். "பரவாயில்லை, ரிவர்ஸ்ல போறப்ப போட்டுக்கறேன்" என்று அதை மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த சட்டை சரியாக வந்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள அதைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி தெரியாது.

வீட்டின் முன்னறையில் தையல் மிஷின், ஜன்னலை ஒட்டித் துணி வெட்டும் மேசை. பக்கவாட்டில், மூன்று புறமும் திறந்த தகரக் கொட்டகை. அதன் கீழே டிரைவரின் கார் நின்றது. வாங்கியபோதே பழையது. பஸ் ஓட்டாத நாட்களில் அதை ஓட்டி அவர் ஓய்வெடுப்பார். இப்போது டயர்கள் தரையோடு தரையாகப் படிந்திருந்தன. பின்சீட்டில் தைத்து முடித்த துணிகள் அடுக்கியிருந்தன. துணி கேட்டு வருகிறவர்களிடம், "கார்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று அக்கா சொல்வார். முதல்முறை வருகிறவர்கள் பெரிய இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கார் நின்றுபோனதற்குக் காரணம் கார் அல்ல. ஒருநாள் மதியம், பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது, டிரைவரின் கண்முன்னால் சாலை வெளுத்துப் போனது. இமைக்கிற நேரம்தான். பஸ்ஸை ஓரங்கட்டி, கைபிரேக் போட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். சில மாதம் கழித்து, இனிப் பயமில்லை, சொந்த வண்டியைத் தாராளமாக ஓட்டலாம் என்றார். டிரைவர் ஓட்டவில்லை. பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. பிறகு வாசல் கேட்டைத் தாண்டுவதும் நின்றது. உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டதற்குப் பதில் சொல்வார்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மனுஷர் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், தான் பக்கத்துச் சீட்டில் உட்கார வேண்டும். கேட்டால் மாட்டேன் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

மழை விட்டும் தகரம் சொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், காருக்குள் எலி சத்தம் கேட்டு பானெட்டைத் திறந்தார். எஞ்சின்மேல் எலி ஒரு கூடு கட்டியிருந்தது. எல்லாம் அவர் வெட்டிப்போட்ட துணித்துண்டுகள். நீலப் பட்டி, வெள்ளைக் காலர் ஓரம், யாரோ ஒரு மணப்பெண்ணுக்குத் தைத்ததில் மிஞ்சிய சிவப்பு. பல வருஷத்துத் தையல் அங்கே மெத்தையாகச் சுருண்டு கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்தார். அடியில் துரு ஏறிய இரும்பு தெரிந்தது. அதைத் துடைத்தார். துடைத்த இடத்தில் ஒரு போல்ட் தலை தெரிந்தது. பிரிக்கலாம் என்று தோன்றியது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி அந்தத் துளைகளில் மெல்லிய எண்ணெய் விட்டார். தினமும் தையலுக்கு உட்காரும் முன்னால் முன்பக்கப் பெரிய நட்டில் ஸ்பேனர் போட்டு, வலிந்து திருகாமல், குழந்தையின் தோளைத் தொட்டு எழுப்புகிற மாதிரி ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவார். ஒரு காலை, கையின்கீழ் ஏதோ இளகியது. உள்ளே ஒரு பெருமூச்சு. தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்ததுபோல் இருந்தது. அக்கா ஸ்பேனரை விடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

டிரைவரின் தம்பி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். வந்து பார்த்தார்.

"அண்ணி, இது எஞ்சின் இல்லை, புதைபொருள். பழைய இரும்புக்கடையில போட்டுட்டு அந்த இடத்துல இன்னொரு மிஷின் போடுங்க."

"உனக்கு இது எவ்வளவோ மேல். எண்ணெய் விட்டா அசையுது. உனக்கு டீ விட்டாலும் அசைய மாட்டேங்கறே. போய் ஸ்பேனர் செட்டைக் கொண்டா."

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவருகிட்ட நீ ஏதாவது சொன்னே, உன் பேன்ட்டுல ஒரு கால் குட்டையாத்தான் வரும்."

எஞ்சினை இறக்கவில்லை. காரைத் தாங்கு கட்டைகள்மேல் நிறுத்தி, மேலிருந்தும் கீழிருந்தும் பிரித்தார். வெட்டும் மேசைமேல் பழைய போர்வையை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை வைத்து, பக்கத்தில் மார்க் சாக்கால் எண் போட்டார். போல்ட்டுகளைத் துணியில் குத்தி நிறுத்தினார். அவருக்கு அது அவ்வளவு அந்நியமாக இல்லை. தையல் மிஷினில் ஊசி இறங்கி ஏறும் கணத்தில் கீழே இருக்கிற கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும், பிந்தினால் தையல் விழாது. எஞ்சினில் வால்வும் அப்படித்தான், பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திறந்து மூட வேண்டும். வால்வுகளைப் பொடி தடவித் தேய்த்து உட்கார வைத்தார். மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து அவற்றின்மேல் விழும்போது, கண்ணாடிக் காளான்கள் முளைத்த மேசை மாதிரி இருக்கும். துணி கொடுக்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள்.

இரண்டு இரும்புப் பாகங்கள் சேருகிற இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க நடுவில் ஒரு தாள் வைக்க வேண்டும். பேக்கிங் என்பார்கள். மற்றவை கடையில் கிடைத்தன. ஆயில் பம்புக்கு மட்டும் கிடைக்கவில்லை. தாளாக வாங்கிவந்து அக்காவே வெட்டினார். துணிக் கத்தரியால் அல்ல. துணிக் கத்தரியைத் தாளில் வைத்தால் அவருடைய வீட்டில் கொலை விழும். பழைய கத்தரியால் ஓரம் வெட்டி, போல்ட் துளைகளையும் எண்ணெய் போகிற துளையையும் பிளேடால் எடுத்தார். தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது ஒரு சட்டைக் காலரைவிட நேர்த்தியாக இருந்தது.

எல்லாம் பூட்டிய பிறகு தம்பி புது பேட்டரியோடும் ஒரு கேன் பெட்ரோலோடும் வந்தார். பிரேக்கையும் டயர்களையும் அவரே முன்பே பார்த்துக் கொடுத்திருந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப் புகை. அக்கா இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டார். காது நிறைய அந்தச் சத்தம், அதற்குள் ஏதோ ஒரு பல்வரிசை கடகடத்ததை அவர் சந்தோஷம் என்றே நினைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வெகுகாலமாக அந்த வீட்டில் எழாத அதட்டல்.

"அணை! டேய், அணைடா அதை!"

தம்பி சாவியைத் திருப்பிவிட்டார். டிரைவர் வீட்டின் பக்கவாட்டுக் கதவில் வந்து நின்றார். கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை.

"மேல எண்ணெய் ஏறலை. அந்தச் சத்தம் கேட்கலையா உங்க ரெண்டு பேருக்கும்? எண்ணெய் விளக்கு எரியுதா பாரு."

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா அரைச்சு மாவாக்கியிருக்கும்" என்றார் டிரைவர். திரும்பிக் கட்டிலுக்கே போய்விட்டார்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டார். "பம்ப் போயிடுச்சு அண்ணி. இந்த மாடலுக்கு இனிமே பம்ப் கிடைக்காது. இத்தோட விட்டுடுங்க."

அவர் போன பிறகு அக்கா மேசைக்குப் பக்கத்தில், தரையில் படுத்தார். மத்தியான வெளிச்சம் கூரையில் மெல்ல அலைந்துகொண்டிருந்தது. இந்த எஞ்சினும் அணைந்தால் அந்தக் குரல் இனி எப்போது வரும் என்று நினைத்தார். கண்ணை மூடினார். எண்ணெயை ஒரு நூலாக நினைத்துக்கொண்டார். தேன் நிற நூல். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் இறங்கினார். அடித்தட்டிலிருந்து சல்லடை வழியாக ஏறினார். பம்பின் பற்களுக்கு நடுவே நுழைந்தார். அங்கே ஒன்றும் பழுதில்லை, பற்களை அவரே அளந்திருக்கிறார். பம்பைத் தாண்டினால் ஒரு வாசல், தானே வெட்டிய தாள் வாசல். அதில் தலை முட்டியது.

எழுந்து உட்கார்ந்தார்.

எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, பம்பை இறக்கினார். தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். பட்டன் துளையைச் சற்று இறுக்கமாகவே வெட்ட வேண்டும், துணி இளகிக் கொடுக்கும், அப்போதுதான் பட்டன் நழுவாது. இத்தனை வருஷமாக அந்தக் கை அப்படித்தான் வெட்டும். எண்ணெய்த் துளையையும் அப்படியே வெட்டியிருந்தது. தாள் இளகவில்லை. ஓரம் ஊறி மடிந்து, மிச்சமிருந்த வழியையும் அடைத்திருந்தது.

காரின் அடியில் படுத்தபடியே அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

கொட்டகைத் தரையில் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன.

"என்ன ஆச்சு? தனியா என்ன சிரிப்பு? அடிபட்டுதா?"

அக்கா தாளை மட்டும் வெளியே நீட்டினார். கால்கள் அசையவில்லை. பிறகு முழங்கால் மடங்கியது. டிரைவரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"இது என்ன, பட்டன் ஓட்டையா?"

"ஆமாங்க."

"நல்லவேளை, சுத்தி நூல் சுத்தலை."

"சுத்தியிருப்பேன். நூல் தீர்ந்துபோச்சு."

அவர் சிரித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, "மிச்சத் தாள் இருக்கா? சுத்தியலைக் கொடு" என்றார். தாளைப் பம்பின்மேல் வைத்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரங்களில் தட்டத் தொடங்கினார். இரும்பின் விளிம்பே தாளை வெட்டிக்கொண்டு வந்தது. துளை எவ்வளவோ, அவ்வளவு. வழியில் பஸ் நின்றுபோன எத்தனையோ மதியங்களில் ரோட்டோரமாகச் செய்த வேலை. கை மறந்திருக்கவில்லை. டக், டக், டக் என்று அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பேசினால் நின்றுவிடும் என்று பேசவில்லை.

மறுபடி பூட்டி, காரைக் கட்டைகளிலிருந்து இறக்கி, எண்ணெய் ஊற்றி, சாவியைத் திருப்பியபோது சிவப்பு விளக்கு சற்று யோசித்தது, அணைந்தது. சத்தம் மெத்தென்று ஆனது, ஒரு பெரிய பூனை மடியில் படுத்த மாதிரி. டிரைவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எதுவும் கேட்கவில்லை. முன்னால் பார்த்தபடி இருந்தார்.

வெகுநேரம் கழித்து மற்றக் கதவு திறந்தது.

"தெருமுனை வரைக்கும்தான்" என்றார் டிரைவர்.

"சரி."

"அங்கேயே திருப்பிடுவேன்."

"சரிங்க."

கார் கொட்டகையை விட்டு இறங்கியது. கேட்டைத் தாண்டியது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கியிருந்தார். மெதுவான காற்று வந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தெருமுனையைப் பார்த்துவிட வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டே இருந்தார். எஞ்சின் உறுமியது. இத்தனை நாள் பொறுத்திருந்த களைப்பு முதுகிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து இமைகளுக்கும் ஏறியது.

கண் விழித்தபோது சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே அகலமான ஒரு நீர்ப்பரப்பு சாயங்கால வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தது. அக்கரையில் பெயர் தெரியாத மரங்கள். டிரைவர் வெளியே காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"எங்கேங்க வந்திருக்கோம்?"

"தெரியலை."

"தெருமுனைன்னீங்க."

"நீ தூங்கிட்டே. நிறுத்தினா முழிச்சுக்குவியேன்னு ஓட்டிக்கிட்டே இருந்தேன்."

அக்கா கதவைத் திறந்து இறங்கினார். சூடான எஞ்சின் பானெட்டுக்குள் சின்னச் சின்னதாகச் சொடுக்கு விட்டுக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"பெட்ரோல் முள்ளு கீழ விழுந்துடுச்சு. வழியில ஒரு பங்க் இருந்தது, கவனிக்காம தாண்டிட்டேன்."

"அப்ப திரும்பிப் போகணுமா?"

அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"முன்னால ஒண்ணு இருக்கும்" என்றார். "ஏறு."