அக்கா வெறுமையாகத் திருப்பிக் கொடுத்த மங்கு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சபையாருக்கும் அவருடைய தங்கையின் அன்பான வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். சபையில் எழுந்து ஜெபிக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைக் காட்டிவிடுவேன். ஆனால் அக்காவின் மகன், "சின்னம்மா, கடைசி வரைக்கும் அம்மா கூட இருந்தது நீங்கதான். நினைவு மலருக்கு நீங்க எழுதலன்னா வேற யாரு எழுதுவா?" என்று காகிதத்தை வைத்துவிட்டுச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டான்.

அக்கா கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா எங்களைச் சீக்கிரமே விட்டுப் போனதால், பள்ளியை நிறுத்திவிட்டு அப்பாவோடு பால்மரம் சீவப் போனார். எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறியது. அக்காவும் கல்யாணமாகித் தாமான் குடியிருப்புக்கு வந்தார். லோரி ஓட்டிய அத்தானின் குடும்பம் சபைக்குப் போகிற குடும்பம். அக்கா அத்தானோடு போனார், அக்காவின் பின்னால் நானும் போனேன். அத்தான் காலமான பிறகு செனாய் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய் மகனை ஆளாக்கினார்.

அக்கா யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்ப மாட்டார். நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மங்குக் கிண்ணத்தில் பலகாரம் அனுப்பினால், கழுவிய மங்கில் கறிவேப்பிலையாவது வாழைப்பழமாவது போகும். ஒன்றுமில்லையென்றால் சீனி. மாக்சிக்கும் லேசுப்பட்டவர் அல்ல. ஒரே சீனிப் பொட்டலம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருக்கும். ஒரு கிறிஸ்துமசுக்கு அக்கா யாருக்கோ கொடுத்த பிஸ்கட் டின், தாமானைச் சுற்றிவிட்டு மறு கிறிஸ்துமசுக்கு எங்கள் வாசலுக்கே வந்தது. மூடி நசுங்கலைப் பார்த்து, "அலமாக், இது நம்ம டின்னு லா!" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆண்டவரிடமும் அக்கா இப்படித்தான். சபையில் நாற்காலி துடைப்பார், விருந்துச் சட்டி கழுவுவார். "இயேசு எனக்காக உயிரையே குடுத்தாரு. பதிலுக்கு எதாச்சும் செய்ய வேணாமா?" என்பார்.

இருதயம் பலவீனமாகிப் படுத்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. நோயைப் பற்றி அல்ல. போதகர் ஐயா வந்து, "இரட்சிப்பு இலவசம்மா, அவர நோக்கிப் பாருங்க, போதும்" என்றார். அக்கா தலையாட்டினார். ஐயா போனதும், "நல்ல மனுசன், அப்படித்தான் சொல்லுவாரு. படுத்துக் கிடக்கிற நான் ஆண்டவர் முன்னால வெறுங்கையா எப்படிடி போய் நிப்பேன்?" என்று என்னிடம் அழுதார்.

ஒரு சாயங்காலம் அவர் காலுக்குத் தைலம் தேய்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. "அக்கா, ஆண்டவர் பக்கத்துல சிலுவையில தொங்கினானே கள்ளன், அவன் என்னக்கா கொண்டு போனான்?"

"என்னத்தக் கொண்டு போவான்? ரெண்டு கையிலயும்தான் ஆணியாச்சே."

"அப்பறம் எப்படி அவன பரலோகத்துக்குள்ள விட்டாரு?"

அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு, "ஆண்டவரத் திரும்பிப் பாத்தான், என்னையும் நினைச்சுக்கங்கன்னு கேட்டான். அவ்வளவுதான் இல்ல?" என்றார்.

"அவ்வளவுதான்க்கா."

"ஒரு சட்டி கூடக் கழுவல."

"கழுவல."

அக்கா குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானும் அவரப் பாத்துக்கிட்டே போயிடறேன்டி" என்றார்.

மறுநாள் மாக்சிக் கஞ்சி அனுப்பினார். நான் மங்கைக் கழுவியதும், "அப்படியே குடுத்துட்டுத் தெரிமா காசே சொல்லிட்டு வா" என்றார் அக்கா. வெறும் மங்கைக் கொடுத்து நன்றி மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. மெதுவாகச் சீனி டின்னைத் திறந்தேன்.

"டின்னு சத்தம் கேக்குது! மூடுடி!"

வேலிக்கு மேலே வெறும் மங்கை நீட்டினேன். மாக்சிக் அதற்குள் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, "தெரிமா காசே" என்றார். அன்றிலிருந்து அக்கா பயந்து நான் பார்க்கவில்லை. சில வாரங்களில், ஒரு ஞாயிறு காலை, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்த தாதியருக்கும், போதகர் ஐயாவுக்கும், சமைத்துத் தந்த சபைப் பெண்களுக்கும், இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாக்சிக்கிற்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு மங்கில் கேசரி தருகிறோம். மங்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, திருப்பித்தான் தருவேன் என்றால் வெறுமையாகக் கொண்டு வாருங்கள். சீனி வைத்தால் வாங்க மாட்டேன்.