கடலுக்குள் எங்கள் வீட்டு வாசல்

திருவொற்றியூரில் கடல் உள்வாங்கி, பழைய வீடுகளின் தரை தெரிகிறது என்று பேப்பரில் படித்ததும் ஓடினேன். பல வருடங்களுக்கு முன் அலை கொண்டுபோன எங்கள் வீட்டின் சிவப்புத் தரை ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. சுவர்தான் இல்லை. பழக்கதோஷம், கடலைப் பார்த்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அடுப்படி இருந்த மூலையில் கண்ணை மூடி நின்றேன். மீன்குழம்பு கொதிக்கிற வாசனைகூட வந்தது.

காலில் ஏதோ இடித்தது. பார்த்தால் என் செருப்பு! மிதந்து வந்திருக்கிறது.

"யக்கா, இன்னா நின்னுகினு கீற? தண்ணி ஏறுது, ஓடியா!" கரைப் பாறை மேலிருந்து பழைய பக்கத்து வீட்டு எஸ்தர் கத்தினாள். நான் பாறையில் ஏறித் திரும்பினால், தரையே இல்லை.

கடல் உள்வாங்கினால் இப்போதும் போகிறேன். பாறையை விட்டு இறங்குவதில்லை, செருப்பையும் கழற்றுவதில்லை. சொந்த வீட்டின் முன் செருப்போடு நிற்கத்தான் கால் கூசுகிறது.