எட்டு மடிப்பு

வெர்லின் தாலஃப்சன் மினசோட்டாவில் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் எடை போடுகிறவர். சோளம் ஏற்றி வரும் லாரியை மேடையில் நிறுத்தி ஒரு எடை, கொட்டிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும்போது இன்னொரு எடை, இரண்டுக்கும் நடுவில் உள்ளதற்கு ஒரு சீட்டு. முப்பத்து நாலு வருஷமாக இதுதான் வேலை. அவர் போட்ட எடையை இந்த வட்டாரத்தில் எந்த விவசாயியும் சந்தேகப்பட்டது கிடையாது. சந்தேகப்படுகிறவர் வீட்டில் ஒருவர் இருந்தார், அவர் மனைவி ஆர்லிஸ்.

வேலை முடிந்து வந்தால் வெர்லின் நேரே நிலவறைக்கு இறங்கிவிடுவார். அங்கே கணப்பு அடுப்பை ஒட்டி ஒரு நல்ல அறை. ஜனவரியில் வெளியே மூச்சு உறையும்போதும் அங்கே அரைக்கைச் சட்டையோடு உட்காரலாம். அந்த அறையில்தான் அவருடைய தோட்டாப் பிரஸ் இருந்தது. சுட்டு எறிந்த தோட்டாவின் காலிக் கூட்டை எடுத்து, அடியில் புதுக் கேப் பொருத்தி, உள்ளே வெடிமருந்து போட்டு, அதன்மேல் தக்கை, தக்கைமேல் ஈய ரவை நிரப்பி, கடைசியில் வாயைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மூடுவது. பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒவ்வொன்றாக நடக்கும். இப்படி வாரத்துக்கு நூறு செய்வார். வியாழக்கிழமை துப்பாக்கி கிளப்பில் குறிக்காக விசையால் எறிகிற மண்தட்டுகளை நோக்கி அவற்றைச் சுட்டுத் தீர்ப்பார். பிறகு அதே கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடியும் நிலவறைக்கு இறங்குவார்.

தன்னுடையதை மட்டும் பொறுக்கினால் பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் பழம் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரம் சாப்பிட உள்ளே வருவார்கள். வெர்லின் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு புல்வெளியில் குனிந்து நடப்பார். ஊரில் யார் எந்தக் கம்பெனித் தோட்டா சுட்டாலும் அதன் கூடு கடைசியில் தாலஃப்சன் வீட்டு நிலவறைக்குப் போய்ச் சேரும். சிவப்பு, பச்சை, பொன்னிறம், ஊதா என்று சுவர் முழுக்க அடுக்கு. இதெல்லாம் சிக்கனத்துக்காக என்பார். ஆர்லிஸ் ஒருநாள் அந்தச் சிக்கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாளாம். வெர்லின் நாயை உலாவக் கூட்டிப் போக வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். அவர்கள் வீட்டில் நாய் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கடையில் தோட்டா வாங்குகிறவர்களை வெர்லின் மனிதராகவே மதித்ததில்லை. "சர்ச் விருந்துக்குக் கடைக் கேக்கை வாங்கி, நம்ம வீட்டுத் தட்டுல மாத்தி வச்சுக் கொண்டுவர்ற மாதிரிதான் அது" என்பார். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி இதைவிட மோசமாகச் சொல்ல முடியாது.

கிளப்பில் ஒரு மாட்டு மணி தொங்குகிறது. யாராவது வீட்டில் செய்த தோட்டாவில் மருந்து போட மறந்து, அது 'புளுக்' என்று முனகினால், ரவை பத்தடியில் விழும். எல்லோரும் நிறுத்திவிட்டு, குழலில் தக்கை சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குள் மெர்ல் நூட்சன் போய் மணியை அடித்துவிடுவார். மெர்ல்தான் கிளப் செயலாளர். அவருக்கு வேறு சந்தோஷம் அதிகம் கிடையாது. வெர்லினின் தோட்டாவுக்கு அந்த மணி பத்தொன்பது வருஷமாக அடித்ததில்லை. வருஷக் கணக்கை அவரே சொல்லிவிடுவார், நாம் கேட்க வேண்டியதில்லை.

ஆர்லிஸுக்கு ஒரு குறை. அவள் அக்கா இறக்கும்போது தன் போர்வைத் தையல் இயந்திரத்தை இவளுக்கு விட்டுப்போனாள். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பெரிய இயந்திரம், பன்னிரண்டடி நீளம். அதை வைக்க வீட்டில் ஒரே இடம் அந்த நிலவறை அறை. இயந்திரம் பெட்டி பிரிக்காமல் கராஜில் காரோடு குளிரில் விறைத்துக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாக்குவம் கிளீனரில் ரவை கடகடத்தபோதும், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் ரவை உருண்டு மழை பெய்தபோதும் சொல்லவில்லை. மார்ச் மாதச் சர்ச் விருந்தில்தான் விஷயம் முற்றியது. ஆர்லிஸ் கொண்டுபோன சூரை மீன் போட்டு அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ்ஷில் பாஸ்டர் ஹால்ஸ்டட் எதையோ கடித்தார். நாக்கால் துழாவி எடுத்துத் தட்டோரம் வைத்தார். ஒரு ஈய ரவை. வேட்டையில் சுட்ட ஃபெசன்ட் பறவைக் கறியாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சூரை மீனை எந்த ஊரிலும் துப்பாக்கியால் சுடுவதில்லை.

"கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, ஆர்லிஸ்" என்றார் பாஸ்டர். மினசோட்டாவில் ஒரு பாஸ்டர் வாயிலிருந்து இதற்குமேல் கடுஞ்சொல் வராது. ஆர்லிஸ் அன்று காபி குடிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் டிரக்கிலேயே பேசி முடித்துவிட்டார்கள். கோடைப் போட்டி பதினாலு வியாழக்கிழமை நடக்கும். அந்தப் பதினாலு வாரத்தில் வெர்லினின் தோட்டாவுக்கு ஒரே ஒருமுறை மணி அடித்தாலும் பிரஸ் கராஜுக்குப் போக வேண்டும், அறை ஆர்லிஸுக்கு. அடிக்காவிட்டால் அவள் இயந்திரத்தை விற்றுவிடுவாள், அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். வெர்லின் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாராம். பத்தொன்பது வருஷம் அல்லவா. கராஜில் சூடு கிடையாது, குளிர்காலத்தில் கையுறை போட்டுக்கொண்டு கேப் பொருத்த முடியாது, இதெல்லாம் அவர் யோசிக்கக்கூட இல்லை.

பதின்மூன்று வாரம் போய்விட்டது. மணி அடிக்கவில்லை. ஆர்லிஸ் இயந்திரத்தின் படத்தைச் செய்தித்தாள் விளம்பரத்துக்கு எடுத்து வைத்துவிட்டாள், என்னிடம் காட்டினாள். அழவில்லை. படத்தில் காரின் பின்பக்கமும் தெரிகிறது, வெட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெர்லின் நூறு தோட்டா செய்துகொண்டிருந்தார். பிடி ஓடும்போது யாரும் பேசக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பேச்சில் ஒரு இழுப்பு தவறினால் ஒரு தோட்டா மருந்தில்லாமல் போகும். அன்று ஆர்லிஸ் நிலவறைப் படிகளின் மேல்முனையில் நின்று கூப்பிட்டாள்.

"வெர்லின், உனக்கு எத்தனை சோளக்கதிர் போட?"

அவர் "நாலு" என்றார். பிறகு மத்தியானம் அதிகம் சாப்பிட்டது நினைவுக்கு வந்து, "இல்ல, மூணு போதும்" என்றார். பிடியை இழுத்தார்.

வேண்டுமென்றே கூப்பிட்டாயா என்று நான் பின்னால் கேட்டேன். தண்ணீர் கொதித்துவிட்டது, கேட்காமல் எப்படிப் போடுவது என்றாள்.

நூறும் முடிந்ததும் வெர்லின் வழக்கம்போல் புட்டியில் மிச்சமிருந்த மருந்தை எடை போட்டார். வெறும் லாரியை எடை போடுகிற கை. ஒரு தோட்டாவுக்கான மருந்து அதிகமாக இருந்தது. மறுபடி போட்டார். தராசு பொய் சொல்லவில்லை. நூறில் ஒன்று காலி.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் முதலில் நினைத்தார். ஒவ்வொன்றாக எடை போட்டால் இளைத்தது தெரிந்துவிடும். ஆனால் அந்த நூறும் ஏழெட்டுக் கம்பெனிக் கூடுகள், ஊரார் காலடியில் பொறுக்கியவை. ஒன்று கனம், ஒன்று லேசு. நூறுக்கும் நூறு எடை வந்தது. நாற்பதாயிரம் பவுண்டு லாரியில் கைப்பிடிச் சோளம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர், தன் சொந்த மேஜைமேல் மருந்தில்லாத தோட்டா எது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். புதிதாகச் செய்யலாம் என்றால் தக்கை தீர்ந்துவிட்டது. அடுத்த பொட்டலம் வர பத்து நாள். வியாழக்கிழமை போட்டியில் ஐம்பது சுட வேண்டும், மிச்சம் பயிற்சிக்கு. பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மூன்று கதிரில் ஒன்றுதான் சாப்பிட்டாராம்.

புதன்கிழமை கிடங்கில் பல் வைத்தியம் என்று சொல்லிவிட்டு, எழுபது மைல் காரோட்டி சவுத் டகோடாவுக்குப் போனார். எங்கள் ஊர் ஹார்டுவேர் கடை மெர்ல் நூட்சனின் மைத்துனருடையது. அங்கே வெர்லின் கடைத் தோட்டா வாங்கினால், அவர் வீடு வந்து சேருமுன் சேதி சர்ச்சுக்கு வந்துவிடும். எல்லை தாண்டி, தெரியாத கடையில், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு இரண்டு பெட்டி வாங்கினார். பத்திரிகையில் சுற்றித் தரச் சொன்னாராம். கடைக்காரப் பையன் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றானாம்.

ஆனால் புதுத் தோட்டா பளபளக்கும். வெர்லினின் தோட்டாக்களோ ஏழெட்டு ஜன்மம் எடுத்தவை. எனவே அன்று மாலை முழுவதும் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, தோட்டாக்களின் அடிப் பித்தளையில் வினிகரும் உப்பும் தடவி மங்க வைத்தார். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரால் எழுத்துகளைச் சுரண்டினார். எல்லாவற்றையும் ஒரு காபி டப்பாவில் போட்டு அடுப்புச் சாம்பலோடு குலுக்கினார். முப்பது வருஷமாகப் பழசைப் புதுசாக்கிய மனிதர், புதுசைப் பழசாக்க மூன்று மணி நேரம் பாடுபட்டார். இரவுச் சாப்பாட்டின்போது கைகளில் வினிகர் வாடை. ஊறுகாய் போடுறியா என்று ஆர்லிஸ் கேட்டாள். பல் வைத்தியர் கொப்பளிக்கக் கொடுத்தது என்றார்.

வியாழக்கிழமை கிளப் சமையலறை ஜன்னலில் பரிமாற நானும் ஆர்லிஸும்தான். நான் காபி ஊற்ற, அவள் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்த பை வெட்ட. வெளியே ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள், மூன்றாவது வெர்லின். சுற்றுக்கு ஆளுக்கு இருபத்தைந்து தட்டு. ஒவ்வொரு தட்டும் பறக்கும்போது ஆர்லிஸ் கத்தியை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். 'புளுக்' வரவில்லை. தட்டு மட்டும் பொடிந்தது. பத்து. பதினைந்து. இருபது. வெர்லின் வாழ்நாளில் இருபத்து மூன்றுக்கு மேல் அடித்ததில்லை.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து அடித்தார்.

முதன்முறை முழுசாக அடித்தவரின் தொப்பியை ஆகாயத்தில் எறிந்து எல்லோரும் சுட வேண்டும் என்பது கிளப் முறை. வெர்லினின் விதைக் கம்பெனித் தொப்பியை மெர்லே பிடுங்கி எறிந்தார். சல்லடையாகக் கீழே வந்தது. "மோசமில்லப்பா" என்றார் மெர்ல். அதற்குமேல் யாருக்கும் வாய் வராது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மகரந்தம் என்றார். வெர்லின் மட்டும் சிரிக்கவில்லை. அவசரமாகக் குனிந்து தன் கூடுகளைப் பொறுக்கி இடுப்புப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். வாளி எடுக்கவில்லை. மற்றவர்களுடைய கூடுகளைத் தொடவில்லை. அதுவே யாராவது கவனித்திருக்க வேண்டிய விஷயம்.

சுட்ட தொப்பியைச் சுவரில் மாட்டி, கீழே ஒரு அட்டையில் பேர், தேதி, தோட்டா என்ன என்று எழுதி ஒட்டுவார்கள். கையெழுத்து அழகு என்பதால் இருபது வருஷமாக அட்டை எழுதுவது ஆர்லிஸ். எல்லோரும் ஜன்னலைச் சூழ்ந்துகொண்டார்கள். அட்டைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு கூடு வேண்டும் என்று மெர்ல் கேட்டார். வெர்லினுக்கு வேறு வழியில்லை. பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார்.

ஆர்லிஸ் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கடைத் தோட்டாவின் வாயில் எட்டு மடிப்பு இருக்கும், சுட்ட பிறகும் தடம் போகாது. வெர்லினின் பிரஸ் பழைய மாடல், ஆறு மடிப்புதான் போடும். அவர் கைபட்ட கூட்டில் எட்டின்மேல் ஆறு ஏறி வாய் குழம்பிக் கிடக்கும். முப்பது வருஷமாக அவர் சட்டைப் பைகளிலிருந்து கூடுகளை எடுத்துவிட்டுத் துவைக்கிறவள் அவள். துணி மடிப்பை விரலாலேயே எண்ணுகிறவள். இந்தக் கூட்டில் எட்டு மடிப்பும் இஸ்திரி போட்ட மாதிரி சுத்தமாக இருந்தன. அவள் நகம் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றி வந்ததை நான் பார்த்தேன். வெர்லினும் பார்த்தார். பிறகு அவள் கூட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வினிகர்.

பேனாவை எடுத்தாள்.

"தோட்டா என்னன்னு எழுத?"

"வீட்ல செஞ்சது" என்றார் வெர்லின். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

அவள் அதை எழுதினாள். நிதானமாக, அழகாக. எழுதிவிட்டுத் தலை நிமிராமல் கேட்டாள்:

"வீட்ல எங்க செஞ்சதுன்னு போட? கீழ் ரூம்லயா, கராஜ்லயா?"

வெர்லின் ஜன்னலில் இருந்த ருபார்ப் பையைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"கராஜ்ல" என்றார்.

"எப்போதிருந்துப்பா கராஜ்ல?" என்றார் மெர்ல்.

"இப்பதான் மாத்துனேன். கீழ ரொம்ப சூடு. மருந்துக்கு ஒத்துக்கல."

ஆர்லிஸ் 'கராஜில்' என்று சேர்த்து எழுதி, ஊதிக் காயவைத்து, மெர்லிடம் கொடுத்தாள். பிறகு வெர்லினுக்கு ஒரு துண்டு பை வெட்டினாள். வழக்கத்தைவிடப் பெரிய துண்டு.

இரண்டாவது சுற்றில் அவர் பதினேழுதான் அடித்தார். அதை யாரும் பேசுவதில்லை.

மறு சனிக்கிழமை பிரஸ் மேலே ஏறியது, தையல் இயந்திரம் கீழே இறங்கியது. தூக்க நாலு பேர் போனோம். பொண்டாட்டிக்காக அறையையே விட்டுக் கொடுத்தான், இருபத்தைந்து அடித்த கையோடு என்று ஊரில் வெர்லினுக்கு நல்ல பேர். பாஸ்டர் ஒரு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டார். எல்லோரும் அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தோட்டாவின் பக்குவத்தைக் கேட்டு இப்போது ஆட்கள் வருகிறார்கள். என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தக்கை என்றெல்லாம். அதெல்லாம் ஒன்றுமில்லை, இடம்தான் முக்கியம், குளிர்ச்சி வேண்டும் என்று வெர்லின் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டு இதுவரை மூன்று பேர் தங்கள் பிரஸ்ஸை நிலவறையிலிருந்து கராஜுக்கு மாற்றிவிட்டார்கள். மெர்லும் ஒருவர். கையுறைக்குள் விரல் விறைக்க விறைக்கச் செய்கிறார்கள். பத்தொன்பதுக்கு மேல் யாரும் அடிக்கவில்லை. அவர்கள் மனைவிமார் மூவரும் தனித்தனியாக ஆர்லிஸுக்கு ஆளுக்கொரு ருபார்ப் பை செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த நூறு தோட்டாவும் கராஜில் ஒரு காபி டப்பாவில் இருக்கிறது. சுட வெர்லினுக்குத் துணிச்சலில்லை, எறிய மனமில்லை. எப்போதாவது டப்பாவை இறக்கி, ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி மேலே வைக்கிறார். கீழிருந்து தையல் சத்தம் வரும். அது ஓடும்போது பேசக்கூடாது என்று புதுச் சட்டம். அதனால் சோளக்கதிர் எத்தனை என்று இப்போது வெர்லினே முடிவு செய்து, வெர்லினே வேகவைக்கிறார்.