நாக்கை நீட்டச் சொன்ன சம்பந்தி

என் மனைவி வெர்லாவுக்கு யாருடைய முகமும் முழு முகமாகத் தெரியாது. ஒட்டுப் போட்ட இடங்கள்தான் தெரியும். கனடாவில், சாஸ்கடூன் நகரத்தின் மருத்துவக் கல்லூரியில், தாயின் வயிற்றுக்குள் தலையும் முகமும் கழுத்தும் எப்படி உருவாகின்றன என்பதை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நடத்துகிறாள். முதல் வகுப்புக்கு ஆளுக்கொரு கண்ணாடி கொண்டு வரச் சொல்வாள். மூக்குக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, "இந்த எடத்துலதான் உங்களத் தச்சாங்க" என்பாள். பிள்ளைகள் சொக்கிப் போவார்கள். கல்லூரியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் பனித்தரையில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் அரங்கில் என்னை முதன்முதலாகப் பார்த்தபோது, "உங்க தாடையில ரெண்டு பாதியும் சரியா சேரல, அதான் நடுவுல குழி" என்றாள். வேறு எந்தப் பெண்ணும் என் தாடையை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டேன். நல்லவேளை, தப்பாகவில்லை.

எங்கள் மகள் கெர்ஸ்டினுக்குத்தான் தலையெழுத்து. அவள் முதலில் வீட்டுக்கு அழைத்து வந்த பையனிடம், "வயித்துக்குள்ள எல்லாருக்கும் கண்ணு மீனுக்கு மாதிரி ரெண்டு பக்கமும்தான் இருக்கும், அப்புறம் நடுவுக்கு நகரும், ஒங்களுக்குப் பாதி வழியில நின்னிருச்சு" என்று வெர்லா அன்பாக விளக்கினாள். அவன் காபியைக்கூட முடிக்கவில்லை. அடுத்தவனுக்குக் காது ஓரத்தில் ஊசி முனை அளவு துளை. காது மொட்டுகள் ஒன்றாகச் சேரும்போது அங்கே விட்டுப்போயிற்று என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அவன் தலைமுடியை வளர்த்து அதை மூடிக்கொண்டான். பிறகு ஊரை விட்டே போய்விட்டான்.

மூன்றாவதாக வந்தவன் டாரஸ், உக்ரேனியக் குடும்பத்துப் பையன். தெய்வாதீனமாக முகத்தில் ஒரு குறையும் இல்லை. நிச்சயம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் அப்பா ஓரெஸ்ட், கல்யாணம் ஜனவரியில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் ஊரில் ஜனவரியில் கல்யாணம் என்றால் மணப்பெண் கம்பளிப் பொட்டலமாகத்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும். ஆற்றங்கரையில் ஜூலையில் நடத்தலாம் என்று கெர்ஸ்டின் கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் புகைச்சல்.

இந்த நிலைமையில்தான் சம்பந்திகளை நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தோம். காலையிலேயே கெர்ஸ்டின் அம்மாவை அடுப்படியில் பிடித்தாள்.

"அம்மா, இன்னிக்கு யாரோட மூஞ்சி, காது, கழுத்து பத்தியும் ஒரு வார்த்த வரக் கூடாது. வந்துச்சுன்னா கல்யாணத்துக்கு நீ விருந்தாளியாத்தான் வரணும். கடைசி வரிசை."

"ஜலதோஷம் பத்திப் பேசலாமா?"

"மூக்கும் மூஞ்சியிலதாம்மா இருக்கு."

வெர்லா சத்தியம் செய்தாள்.

ஓரெஸ்ட் தடித்த மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு ஹீட்டர் போடும் சூட்டில் நான் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வியர்த்து வழிந்தபடி அதைக் கழற்ற மாட்டேன் என்றார். அவர் மனைவி நாடியா அந்த மஃப்ளரை மட்டும் முறைத்துக்கொண்டே, தான் செய்து கொண்டுவந்த, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகிகளை எல்லார் தட்டிலும் வைத்தார்.

பீட்ரூட் சூப்புக்காகக் குனிந்தபோது ஓரெஸ்டின் மஃப்ளர் கொஞ்சம் நழுவியது. தொண்டைக்கு நேர் நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வீக்கம். அவர் விழுங்கினார், அது மேலே ஏறி இறங்கியது. மேஜைக்கு அடியில் வெர்லாவின் கால் என் காலை மிதித்தது. நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் பெரோகியை வாயில் திணித்துக்கொண்டாள். இன்னொன்றும் திணித்தாள். முகம் சிவந்து போயிற்று.

பிறகு நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். வெர்லா சம்பந்தியை நேராகப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

பேசவில்லை பாருங்கள், சத்தியத்தை மீறவில்லை. அவர் திரும்ப நாக்கை நீட்டினால் அந்த வீக்கம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். அவள் கணக்கு அது. எனக்கு மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஓரெஸ்ட் கரண்டியைக் கீழே வைத்தார். மரியாதை தெரிந்த மனுஷன். இந்த வீட்டு வழக்கம் இது போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, நாக்கின் நுனியை மட்டும் தயக்கத்தோடு காட்டினார்.

"இன்னும் நல்லா நீட்டுங்க" என்றாள் வெர்லா. வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் நீட்டினார். வீக்கம் மேலே ஏறியது. வெர்லா மேஜையைத் தட்டி, "ஏறுது, ஏறுது" என்றாள்.

"அம்மா." கெர்ஸ்டினின் குரலில் சூப் ஆறிவிட்டது.

"ஒரு நிமிஷம்டி. ஒரே ஒரு நிமிஷம் பேசிக்கிறேன்."

"வேணாம்."

ஓரெஸ்ட் மஃப்ளரை மெல்ல அவிழ்த்துத் தொடையில் வைத்தார். "பேசட்டும்மா. எனக்கே கேக்கணும்னுதான் இருந்துச்சு. தைரியம் வரல."

வெர்லா எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தைராய்டு சுரப்பி இருக்கே, அது மொதல்ல நாக்குக்கு அடியிலதான் மொளைக்கும். அங்கேருந்து கழுத்துக்கு எறங்கி வரும். வந்த வழி பின்னாடியே மூடிக்கணும். ஒங்களுக்கு ஒரு துண்டு மூடாம நின்னுபோச்சு. அதுல இப்பத்தான் தண்ணி கோத்திருக்கு. இன்னும் நாக்கோட ஒட்டிக்கிட்டு இருக்கறதால, நாக்க நீட்டினா மேல ஏறுது. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே உள்ளது இது."

"அப்ப புத்துநோய் இல்லியா?"

"நான் டாக்டர் இல்ல, டாக்டருங்களுக்குப் பாடம் எடுக்கறவ. நாளைக்கே போய்க் காட்டுங்க. ஆனா செத்துப்போற மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போகாதீங்க."

மருத்துவமனையிலும் பிறகு அதையேதான் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு அந்த மேஜையில் அவருக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நாடியாதான் முதலில் வாயைத் திறந்தார். "எத்தன மாசமாய்யா இது?"

"கோடையிலேருந்து."

"என்கிட்ட சொன்னா என்ன? எவளோ ஒருத்தி பின்னிக் குடுத்த மஃப்ளர்னு நான் ராத்திரியெல்லாம் அழுதுகிட்டு கெடக்கேன்." பெரோகிக் கரண்டியாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தார். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதார்.

ஓரெஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு கெர்ஸ்டின் பக்கம் திரும்பினார். "ஜூலை வரைக்கும் இருக்கமாட்டேன்னு நெனச்சேன்மா. அதான் ஜனவரின்னு அடம் புடிச்சேன். இனிமே நீ ஆசப்பட்டபடியே ஆத்தங்கரையில வச்சிக்கலாம்."

டாரஸ் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கெர்ஸ்டின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜனவரியே இருக்கட்டும் மாமா" என்றாள். "சாகறதுக்குள்ள எங்களப் பாத்துடணும்னு நெனச்சுக் குறிச்ச தேதி. இத விட நல்ல தேதிய எந்தப் பாதிரியார் குறிச்சுக் குடுப்பாரு?"

ஓரெஸ்ட் உதட்டைக் கடித்தபடி தலையாட்டினார். அந்த உதட்டைப் பற்றிச் சொல்ல வெர்லாவுக்கு ஆயிரம் இருந்திருக்கும். யாரும் தடுக்காமலேயே அவள் சும்மா இருந்தாள்.