இலை மேல் இருந்த வெள்ளைப் பொடி

போன ஞாயிற்றுக்கிழமை, அறுபத்தொன்பது வயதில், நான் ஓர் இலையை நக்கினேன்.

சிரிக்காதீர்கள். நக்கச் சொன்னவர் செல்வமேரி. எங்கள் தெருவுக்குப் பின்னால், ஓடை கடலில் சேரும் இடத்தில், அலையாத்தி நாற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கடல் கரையை அரிக்காமல் இருக்க எங்கள் தெருச் சங்கம் நட்ட நாற்றுகள். கணவரை இழந்த மேரிக்கு வேறு வருமானம் கிடையாது. அந்த வேலையைப் பறித்தவன்... நான்தான்.

இரண்டு மாதம் முன்பு, இலைகளின் மேல் வெள்ளைப் பொடி. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். பூஞ்சை! சங்கக் கூட்டத்தில் எழுந்து, கவனிப்பு போதாது, செடிக்கு நோய் வந்துவிட்டது என்று முழங்கினேன்.

"அது உப்பு அண்ணாச்சி. செடி வேர்த்திருக்கு, அம்புட்டுதான்" என்றார் மேரி.

"ஏளா, கெமிஸ்ட்ரி படிச்சது நீயா, நானா?"

கூட்டம் சிரித்தது. மறுநாள் மேரியை நிறுத்திவிட்டார்கள்.

மருந்து அடித்தோம். அடுத்த நாள் மதியமே இலைகள் மறுபடி வெளுத்தன. பூஞ்சை ஒரே நாளில் திரும்பி வராதே; எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தேனா? இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு தாவரவியல் புத்தகத்தைப் புரட்டினேன்.

அலையாத்தியின் வேர், பெரும்பங்கு உப்பை வாசலிலேயே நிறுத்திவிடுமாம். தப்பி உள்ளே வருவதை இலையில் இருக்கும் மிகச் சிறிய சுரப்பிகள் வெளியே தள்ளிவிடும். வெயிலில் நீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? காலடியில் தண்ணீர் நின்றாலும் அந்தச் செடிக்கு எந்நாளும் வறட்சிதான் — உப்புநீரிலிருந்து ஈரத்தை இழுப்பது அவ்வளவு பாடு. அதனால்தான் தடித்த இலை, மேலே மெழுகுப் பூச்சு, அடியில் மெல்லிய ரோமப் போர்வை. கிடைத்த ஈரத்தை ஒரு கஞ்சனைப் போல் காக்கிறது.

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் சால்ட் அனாலிசிஸ் சொல்லிக்கொடுத்தவன் நான். தூத்துக்குடிக்காரன். எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பளம். எனக்கு உப்பு தெரியவில்லை!

ஞாயிறன்று மேரி வீட்டுக்குப் போய், "நான் சொன்னது தப்பும்மா. புத்தகத்துல பாத்துட்டேன்" என்றேன்.

மேரி என்னை ஓடைக்கரைக்குக் கூட்டிப் போனார். ஓர் இலையைக் கிள்ளி நீட்டினார். "புஸ்தகத்துல பாத்தா போதுமா? நக்கிப் பாருங்க."

நக்கினேன். கரித்தது.

"என்ன அண்ணாச்சி, பூஞ்சை ருசியா இருக்கா?"

மன்னிப்புக் கேட்டேன். மேரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"என்னையக் கூட்டத்துல வச்சுத்தான சொன்னிய? இதையும் அங்கன வந்து சொல்லுங்க."

புதன்கிழமை கூட்டத்துக்கு ஒரு கிளையோடு போனேன். எழுந்து கிளையை உயர்த்திக் காட்டினேன். "செடிக்கு நோய் இல்லை. மேரி சொன்னது சரி. தப்பு என்னுடையது" என்றேன். செயலாளர் முதல் கடைசி வரிசை வரை எல்லோரும் ஆளுக்கோர் இலையை நக்கிப் பார்த்தார்கள். அங்கேயே மேரியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே சேர்ந்த உப்பை இலை அன்றன்றைக்கே வெளியே தள்ளிவிடுகிறது. எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை மேரி வீட்டு அடுப்பல்லவா எரியாமல் காத்திருந்தது?

வேலைக்கு வர மேரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "அண்ணாச்சி நாத்துப் பக்கம் தாராளமா வரட்டும். கண்ணாடியை மட்டும் வீட்டுல வச்சிட்டு, நாக்கைக் கொண்டுட்டு வரட்டும்."