சஹனுக்கு ஆறாவது ஆள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மதுரங்குளிப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தென்னந்தோட்டமும் உப்பளமும் உள்ள பெரிய வீட்டில் ஒரே பெண்ணாகப் பிறந்தவள் நான். நடக்கப் பழகிய நாளிலிருந்து என்னை எல்லோரும் முதலாளியம்மாவைக் கூப்பிடுவது போல ‘நோனா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நோனா சொன்னால் லொறி வரும். நோனா முகத்தைச் சுளித்தால் லொறி திரும்பிப் போகும். அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கம் வெள்ளம் வந்தால் நிவாரண வேலை முழுக்க என் தலையில் விழும். உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்கு அது பிடிக்கும். ஆட்களை ஏவுவது எனக்குக் கைவந்த கலை.

கடைசியாக வந்த வெள்ளத்தில் எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் இடுப்பளவு தண்ணீர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு அகதிகளாக வந்து, பிறகு காணி வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்களின் குடியிருப்பு அது. சனமெல்லாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. நான் காலையிலேயே குசினியில் மூன்று அடுப்பையும் மூட்டச் சொன்னேன். சோறு, பருப்பு, வட்டக்காய்க் கறி, கண்டக்குழிப் படகுக்காரர் ஒருவர் கூடையோடு அனுப்பிய பாரை மீனில் ஒவ்வொரு பொரித்த துண்டு. எல்லாவற்றையும் வாழையிலையில் பார்சலாகக் கட்டினோம். எங்கள் சமையல்காரப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது கூட; வாய் அதைவிடக் கூட. “நோனா கட்டுற பார்சல் பிள்ளைக்கு உடுப்பாட்டின மாதிரி, கையக் கால வெளிய காட்டுது” என்று என்னைப் பகிடி பண்ணிக்கொண்டே இருந்தாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியே மேசை போட்டேன். சனம் ஒழுங்காக வரிசையில் வரட்டும் என்று இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறும் கட்டினேன். என் வாப்பா காலத்திலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு ஆளனுப்பிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன்.

ஒருவரும் வரவில்லை.

ஒரு மணியும் ஆகிவிட்டது. சோறு ஆறிப்போனது. இன்னும் கொஞ்சம் விட்டால் பருப்பு புளித்துவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து விசுக்கோத்துத்தான் கடிக்கிறார்கள் என்று போனவர் வந்து சொன்னார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழும்பிப் போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று செருப்பைத் தேடும்போது, அந்தக் குடியிருப்பின் தையல்காரி தனியே வந்தாள். என் மகளுடைய கலியாண உடுப்பைத் தைத்தவள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“ஏன் ஒருத்தரும் வரல்ல?” என்று கத்தினேன். “எங்கட வீட்டுச் சோறு ஆகாதோ?”

“கோவிக்க வாணாம் நோனா. சோறு ஆகும். இந்தக் கயிறுதான் ஆகாது.”

“கயிறு உங்களை என்ன செஞ்சிச்சு?”

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “தொண்ணூறுல இதே கேட்டுக்கு முன்னால நான் நிண்டனான். ஒம்பது வயசு. உம்மாட சீலையப் புடிச்சிக்கிட்டு வரிசையில நிண்டம். உங்கட வாப்பா நல்லவர், நான் குறை சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் சோறு தந்தார். ஆனா ஒரு நாளும் கேட்டத் தொறக்கல்ல. நீங்க உள்ள நிண்டு பாத்துக்கிட்டு இருந்தீங்க. மஞ்சச் சட்டை. வீடு கட்டிக் குடிபோன அண்டைக்கு எங்கட உம்மா சொன்னா, இனி நம்மட ஆக்கள் சோத்துக்கு வரிசையில நிக்கிறல்ல எண்டு. எல்லாரும் அந்தச் சொல்லத்தான் காப்பாத்துறாங்க.”

என் கேட்டடியில் நின்று என் வாப்பாவைப் பற்றிக் கதைக்கிறாளே என்று காதெல்லாம் சுட்டது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த மஞ்சள் சட்டை! கொழும்பிலிருந்து பெருநாளுக்கு வந்த சட்டை. யாரையும் தொடவிட மாட்டேன். நானே மறந்துபோனதை இவள் இத்தனை காலம் மனதில் வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நோனா வேலை ஏவாமல், என்ன வேலை என்று கேட்டது அன்றைக்கு மட்டும்தான் என்று சமையல்காரப் பெண் இப்போதும் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

“சரி, இப்ப நான் என்ன செய்யணும்?” என்றேன்.

“உங்கட வீட்டுல சஹன் இருக்கா?”

சஹன் என்றால் எங்கள் விருந்துகளில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. ஆறு பேரும் சேராமல் அதில் யாரும் கை வைப்பதில்லை. என் கலியாணத்துக்கு வாங்கியவை அலுமாரிக்குள் அடுக்கிக் கிடந்தன.

“இருக்கு.”

“அப்ப கேட்டத் தொறங்க. முத்தத்துல பாயப் போடுங்க. பார்சலப் பிரிச்சி சஹன்ல கொட்டுவம். கலியாண வீட்டுக்கு வாற மாதிரி எல்லாரும் வருவாங்க.”

கேட்டின் இரண்டு கதவையும் நானே தள்ளித் திறந்தேன். காலை முழுக்கக் கட்டியதை அரை மணித்தியாலத்தில் அவிழ்த்தோம். அதற்குள் தையல்காரி ஆளனுப்ப, பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அகப்பட்ட காய்ந்த உடுப்பில் நல்லதை உடுத்திக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தலை சீவி, உண்மையிலேயே விருந்துக்கு வருகிறவர்கள் போலத்தான் வந்தார்கள். நாலு பேர் நேரே குசினிக்குள் நுழைந்தார்கள். “பருப்புல உப்புக் காணாதே, யாரு ஆக்கினது?” என்று ஒருத்தி கேட்க, சமையல்காரப் பெண் அகப்பையோடு சண்டைக்கு நின்றாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அதே இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தேங்காய் திருவுகிறார்கள். ஆண்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், மழைக்கு முற்றத்தின் மேல் படங்கு இழுத்துக் கட்டினார்கள். என் கயிறு அன்றைக்கு உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

விருந்து வைக்கிற வீட்டார் வந்தவர்களின் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். நானும் ஜக்கையும் பேசினையும் எடுத்துக்கொண்டு பாய் பாயாகப் போனேன். மருதாணி மங்கிய கை, ஊசி குத்திய கை, மண்ணளைந்த சின்னக் கைகள். என்ன சொல்ல, அத்தனை சந்தோஷமாக இருந்தது எனக்கு. எல்லாப் பாயிலும் சாப்பாடு நடந்தது. தையல்காரியின் பாயில் மட்டும் ஐந்து பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

“என்ன பாத்துக்கிட்டு இருக்கிறீங்க? சாப்பிடுங்களன்!” என்று என் பழைய குரலில் அதட்டினேன்.

“ஓராள் குறையுது” என்றாள் தையல்காரி.

“அப்ப யாரையாவது கூப்பிடுங்க.”

“கூப்பிட்டுத்தான் இருக்கம்.”

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் முற்றத்தில் எத்தனையோ விருந்து நடந்திருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பம் எப்போதும் உள்ளே மேசையில்தான். அந்தப் பாயில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. முழங்கால் நோவு என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவள் எழும்பி என் கையிலிருந்த ஜக்கை வாங்கிக்கொண்டாள்.

“குந்துங்க ராத்தா. கைய நீட்டுங்க.”

சொந்த அக்காவைக் கூப்பிடுவது போல ‘ராத்தா’ என்றாள். நீட்டினேன். அவள் தண்ணீர் ஊற்றினாள். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி ஆறு கையும் ஒன்றாகச் சஹனுக்குள் போயின. நடுவிலிருந்த மீனை அவள் முள் பார்த்துப் பிய்த்து, நல்ல பங்கை என் பக்கம் தள்ளினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய் உறைக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். ஒருத்தியும் நம்பவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் முழங்கால் பிடித்துக்கொண்டது. எழும்ப முடியவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து, தோணி இழுப்பவர்கள் போல ‘ஏலோ’ போடாத குறையாக என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். குசினி வாசலில் நின்ற சமையல்காரப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போகும்போது தையல்காரி கேட்டடியில் திரும்பி நின்றாள். “நாளைக்குப் பகல் சாப்பாட்டுக்கும் கட்டாயம் வந்துருங்க ராத்தா. இதே முத்தத்துலதான், நாங்கதான் ஆக்குறம்.”

என் வீட்டு முற்றத்துக்கு எனக்கே அழைப்பு.

“ஓம், வாறன்” என்றேன்.