மழையில் நின்றுபோன ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கைபேசியை நீட்டி, "அப்பா, இதப் பாருங்களேன்" என்றாள். கடல் கடந்த ஏதோ ஒரு ஊரின் கால்பந்து கிளப். அவளுக்கு அது என்றால் உயிர். எந்தெந்த சீசனில் அந்த கிளப் எத்தனையாவது இடத்தில் முடித்தது என்று நீளமாகப் பட்டியல் போட்டிருந்தார்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே சில கட்டங்கள் மட்டும் சிவப்பு. "சிவப்புன்னா அந்த வருஷம் கடைசில வந்து கீழ் டிவிஷனுக்கு எறங்கிட்டாங்கன்னு அர்த்தம்ப்பா" என்றாள், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல. நான் கைபேசியைச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். எவனோ ஒரு ஊர்க்காரனின் கிளப் இறங்கியதற்குத் தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஏன் அந்தச் சிவப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை? சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

நானும் ஒரு காலத்தில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன்தான். இன்றைய என் தொப்பையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் பேங்குகளும் கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு டீம் வைத்திருந்தன. பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே இருந்த எங்கள் கம்பெனியும் வைத்திருந்தது. பந்து உதைக்கத் தெரிந்தவர்களை டெம்பரரியாக எடுத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் பிராக்டீஸ், பிறகு ஸ்டோர்ஸில் வேலை, மேட்ச் இருந்தால் மதியத்துக்கு மேல் கேட் பாஸ். மூன்று சீசன் டீம் முதல் டிவிஷனிலேயே தாக்குப்பிடித்தால் பர்மனென்ட். இறங்கிவிட்டால் டீமைக் கலைத்துவிடுவார்கள், டீமோடு எங்களையும். இது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் பர்சனல் ஆபீசர் எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, சிரித்த முகத்தோடு இதைச் சொல்வார். "பிரெஷர் எடுத்துக்காதீங்கப்பா. ஆனா கீழ போயிட்டா மேனேஜ்மென்ட் கன்டினியூ பண்ணாது." அந்தக் காபியை ஒருநாளும் நான் முழுசாகக் குடித்ததில்லை.

முதல் சீசனில் ஐந்தாவதாக வந்தோம். ஆளுக்கொரு பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். அம்மா அதில் சமைக்கவே இல்லை, ஷோகேசில் வைத்துவிட்டாள். இரண்டாவது சீசனில் எட்டாவது. குக்கர் கிடையாது, டீயும் பன்னும்தான். பர்சனல் ஆபீசர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். மூன்றாவது சீசன் ஆரம்பத்திலிருந்தே விளங்கவில்லை. கேப்டனுக்கு முழங்கால் போயிற்று. நன்றாக ஆடிய இரண்டு பேரை ஒரு பேங்க் கொத்திக்கொண்டு போனது. தோற்ற மறுநாள் காலையில் டைம் ஆபீஸ் போர்டில் ரிசல்ட் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்க பயந்துகொண்டு நான் சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவேன். பார்க்காவிட்டால் தோற்கவில்லை என்று ஆகிவிடுமா என்ன? பிறவிப் பயந்தாங்கொள்ளிக்கு அதுவும் ஒரு ஆறுதல்.

மருந்துக்கடையைக் கடக்கும்போது வலித்தைல வாசனை வந்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த வாசனை எங்கள் கோல்கீப்பர் அந்தோணி அண்ணனுடையது. குரோம்பேட்டைக்காரர். மேட்சுக்குப் போகும்போது மின்சார ரயிலில் உட்கார்ந்து விரல் விரலாகத் தைலம் தேய்ப்பார். பக்கத்து சீட்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார்கள். எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். என் பயம் அவருக்கு நல்ல பொழுதுபோக்கு. "இன்னாடா, இப்பவே மூஞ்சி இப்டி கீது? பந்து இன்னா உன்ன கட்ச்சிடவா போவுது?" என்பார். ஆனால் அந்த மூன்றாவது சீசனில் தேய்த்த விரலையே அவர் மறுபடி மறுபடி தேய்ப்பதைப் பார்த்தேன். வீட்டில் அண்ணிக்கு எட்டாவது மாதம். அவரே பயந்தால் நான் என்ன ஆவது?

கடைசி மேட்சுக்கு வந்தோம், அது வேறொரு டீமோடு. பாயிண்ட் பட்டியலின் அடியில் எங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது அனகாபுத்தூர்ப் பக்கத்துத் தோல் கம்பெனி டீம். இரண்டில் ஒன்றுதான் மேலே நிற்கும். எங்களுக்கு ஒரு டிரா போதும் என்று எல்லோருமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அதனால் இரண்டாவது பாதி முழுக்க, காலில் பட்ட பந்தையெல்லாம் கேலரிக்குள் உதைத்து நேரத்தைக் கடத்தினோம். கோலே விழவில்லை. விசில் ஊதியதும் அந்தோணி அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். அப்போது லீக் ஆபீசிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எங்களை விநோதமாகப் பார்த்தார்.

"எதுக்குப்பா கூத்தாடறீங்க? தோல் கம்பெனிக்கு இன்னும் ஒரு மேட்ச் இருக்கே. அன்னிக்கு மழையில நின்னுபோச்சே, அத நாளைக்கு மொதல்லேர்ந்து ஆடறாங்க."

அண்ணனை யார் கீழே இறக்கினார்கள் என்று நினைவில்லை. அந்த மழை நாளன்று நாங்களும் கேலரியில் இருந்தோம். தோல் கம்பெனி இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது மழை கொட்டியது. நனைந்துகொண்டே பார்க் ஸ்டேஷனுக்கு ஓடினோம். எங்கள் மனக்கணக்கில் அவர்கள் அன்றே தோற்றாயிற்று. டீமில் ஒருவருக்குக்கூட அது முடியாத ஆட்டம் என்று தோன்றவில்லை. இப்போது அவர்கள் ஜெயித்துவிட்டால் நாங்கள் காலி, டிரா ஆனால் பிழைத்தோம். கோல் போட முயன்றிருக்க வேண்டிய நேரத்தில் பந்தை கேலரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நானும் அண்ணனும் லீவு போட்டுவிட்டுப் போய் கேலரியில் உட்கார்ந்தோம். எதிரே ஆடியது சாம்பியன் பேங்க் டீம். அவர்களுக்கு இனி இந்த ஆட்டத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பெரிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டுப் புதுமுகங்களை இறக்கியிருந்தார்கள். தோல் கம்பெனிதான் முதல் கோல் போட்டது. அண்ணன் "மாதாவே" என்றார். இடைவேளைக்குப் பிறகு யார் முழங்காலிலோ பட்டுத் தெறித்த பந்தில் பேங்க் ஒரு கோலைத் திருப்பியது. அதற்கப்புறம் தோல் கம்பெனிக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் என் பக்கத்தில் அண்ணனின் கைகள் தாமாகவே மேலே எழும்பின. சிமெண்ட் படியில் உட்கார்ந்தபடியே அவர் எங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியில் தோல் கம்பெனியின் பத்தாம் நம்பர் ஜெர்சிக்காரன் பேங்க் கோல்கீப்பரையும் தாண்டி வந்துவிட்டான். எதிரே வெறும் கோல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து கம்பத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் குதித்தேன், கத்தினேன், முன்னால் இருந்தவரின் முதுகில் குத்தினேன். அண்ணன் குதிக்கவில்லை. "உக்காருடா" என்றார். விசில் ஊதியது. கீழே அவர்கள் நின்ற நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்ப எல்லோருக்கும் அதே ரயில்தான். பத்தாம் நம்பர் எங்களுக்கு எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தான். என் வயதுதான் இருக்கும். எழுந்து போகவும் கூச்சம், உட்காரவும் கூச்சம். கிண்டி தாண்டிய பிறகு அவனே வாயைத் திறந்தான்.

"அண்ணா, ஒங்களுக்கு பர்மனென்ட் ஆயிடும் இல்ல?"

"தெர்லப்பா" என்றார் அண்ணன்.

"ஒங்க டீம்ல ஆள் எடுப்பாங்களாண்ணா? ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறீங்களா?"

"கேக்கறேன்பா. கண்டிப்பா கேக்கறேன்."

தப்பித்துவிட்டோம் என்று அதுவரை இருந்த நிம்மதி எனக்கு அந்த நிமிஷமே போய்விட்டது. அந்த சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவே ஒரு முழங்கால் இடைவெளிதான் இருந்தது. பல்லாவரத்தில் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பர்மனென்ட் ஆர்டர் வாங்கப் போன அன்றே பர்சனல் ஆபீசரிடம் கேட்டார். ஆபீசர் நல்ல மூடில் இருந்தார். "நல்லா ஆடுவானா? வரச் சொல்லேன், பாக்கலாம். பேரு என்ன?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். அந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் சைக்கிளில் அனகாபுத்தூர் போனோம். தோல் கம்பெனி கேட்டில் இருந்தவர், "எந்தப் பத்தாம் நம்பர்? டீமே இல்லன்னு எல்லாரையும் அனுப்பிட்டாங்கபா. எவன் எங்க கீறான்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தத் தோல் கம்பெனி இப்போது இல்லை. சில வருஷங்களில் எங்கள் கம்பெனியும் டீமைக் கலைத்தது, வெகு வருஷம் கழித்துக் கம்பெனியே போய், அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. பிராக்டீஸ் செய்த மைதானத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. பந்து உதைத்தால் வேலை கிடைக்கும் என்று நம்பி அந்த ரயிலில் யாரும் ஏறுவதில்லை, போய்விடும் என்று நடுங்கிக்கொண்டு திரும்புவதும் இல்லை. அந்த வேலையில் நான் கல்யாணம் செய்துகொண்டேன், வீடு கட்டினேன், மகளைப் படிக்கவைத்தேன். அவன் அடித்த பந்து ஒரு முழம் தாழ்ந்திருந்தால் இதெல்லாம் அவனுடையது. அவன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.